கணக்கு டீச்சர் பதில்கள்: ‘எப்படி வந்துச்சு?’

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் எழுதியவை. டெல்டாவில் இத்தனை பேர் இருக்கிறீர்களா என்று எனக்கே ஆச்சரியம். நான் 34 வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். வீட்டில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தது என் பேத்திக்கு மட்டும்தான். அதுவும் கொரோனா சமயத்தில் ஒன்றரை வருஷம், குடமுருட்டிக் கரையில் இருக்கும் இந்த வீட்டுத் திண்ணையில். அந்த ஒன்றரை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதும் கொஞ்சம் இருக்கிறது. ரெண்டையும் சேர்த்து வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு 9 வயசு. ஆஸ்துமா தொந்தரவால் நாலு மாசமாக வீட்டில்தான் படிப்பு. தமிழ், அறிவியல் எல்லாம் ஆசையாக உட்காருவாள். கணக்கு நோட்டை எடுத்தால் கண் கலங்கிவிடுகிறது. நேற்று 52-இல் 38 போனால் எவ்வளவு என்று கேட்டேன். 26 என்று எழுதினாள். தப்பு என்றேன். நோட்டை மூடிவிட்டு, “எனக்குக் கணக்கு வராதும்மா” என்று எழுந்துபோய்விட்டாள். நான் திட்டக்கூட இல்லை.
(ஒரு அம்மா, மன்னார்குடி)

பதில்: முதலில் அந்த 26-ஐப் பார்ப்போம் தங்கச்சி. அது வாய்க்கு வந்த எண் இல்லை. ஒன்றாம் இடத்தில் மேலே 2, கீழே 8. ‘பெரிசிலிருந்து சின்னதைக் கழிக்கணும்’ என்று யாரோ என்றைக்கோ சொல்லியிருக்கிறார்கள். 8-இல் 2 போனால் 6. பத்தாம் இடத்தில் 5-இல் 3 போனால் 2. ஆக 26. பிள்ளை ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஒழுங்காகப் போயிருக்கிறாள். அந்த விதிதான் அந்த இடத்துக்குப் பொருந்தாதது. இதே தப்பை விடைத்தாள்களில் நூற்றுக்கணக்கான தடவை பார்த்தவள் நான்.

‘தப்பு’ என்று நீங்கள் மெதுவாகச் சொன்னாலும், அவள் யோசித்த அத்தனையும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் “எப்படி வந்துச்சு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவளே சொல்லிக்கொண்டு வருவாள். 8-இல் 2 என்று சொல்லும்போது, “கையில் 2 ரூபாய்தான் இருக்கு, கடைக்காரர் 8 கேட்கிறார், எப்படிக் கொடுப்பே?” என்று ஒரு வரி போதும். அதற்கு மேல் பேச வேண்டாம். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். எனக்கு இன்றைக்கும் நாக்கு துறுதுறுக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தப்பான விடைக்கு மட்டும் ‘எப்படி’ என்று கேட்டால், ரெண்டே நாளில் பிள்ளை கண்டுபிடித்துவிடும்: அம்மா எப்படி என்று கேட்டால் தப்பு என்று அர்த்தம். என் பேத்தி அப்படித்தான், நான் வாயைத் திறந்த உடனே ரப்பரைத் தேடினாள். அதனால் சரியான விடைக்கும் கேளுங்கள். 7-ம் 8-ம் 15 என்றால்கூட, எப்படி வந்தது? “7-ம் 7-ம் 14, அப்புறம் ஒண்ணு” என்று சொன்னால், உங்களுக்கே அது புது வழியாக இருக்கலாம்.

இந்தக் கேள்வியை நான் எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை. ஒரு பையனிடம் தோற்றுக் கற்றுக்கொண்டேன். 1991 என்று ஞாபகம். ஆறாம் வகுப்பு. 98-ஐ 7-ஆல் பெருக்கு என்று தேர்வில் கொடுத்திருந்தேன். பெருக்கி, மீதி வைத்து, கூட்டி என்று எதுவும் இல்லாமல் அந்தப் பையன் நேராக 686 என்று எழுதியிருந்தான். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று நானே முடிவு கட்டி, சிவப்பு மையால் அடித்து, ‘வழி எங்கே?’ என்று எழுதி, வகுப்பில் நிற்கவும் வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா நடவுக்குப் போகிறவர். கேட்க யாரும் வரவும் இல்லை. ரெண்டு மாசம் கழித்து வாரச் சந்தையில் அவனைப் பார்த்தேன். மாமாவின் வாழைத்தார் வியாபாரத்தில் கூடமாட நின்றுகொண்டிருந்தான். பேரம் முடிந்து தார் 48 ரூபாய், வாங்குகிறவருக்கு ஆறு தார். மாமா விரலை மடக்குவதற்குள் இவன், “ஆறு அம்பது முந்நூறு, ஈராறு பன்னெண்டு போச்சு, எரநூத்தி எம்பத்தெட்டு” என்றான். அதே முறைதான் 98-க்கும். ஏழு நூறு, அதில் 14 போனால் 686. என்னைப் பார்த்ததும் தாருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அந்த மதிப்பெண்ணை மறுநாளே திருத்திக் கொடுத்தேன். அவன் மறுபடி என் வகுப்பில் வாய் திறந்து விடை சொல்ல அந்த வருஷம் முடியவேண்டியிருந்தது.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். கடன் வாங்கிக் கழிப்பதை ஒரு மாசத்துக்கு மூட்டை கட்டி வையுங்கள். கடைக்காரர் சில்லறை கொடுக்கிற மாதிரி ஏறிப் போகச் சொல்லுங்கள். 38-லிருந்து 40-க்கு 2, 40-லிருந்து 52-க்கு 12, ஆக 14. நிஜப் பணத்தை வைத்தே செய்யலாம். அப்புறம், நோட்டுக்குப் பதிலாக ஒரு சிலேட்டு வாங்குங்கள். நோட்டில் அடித்தது அப்படியே நிற்கும், திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சிலேட்டில் போட்டது ஒரு துடைப்பில் போய்விடும். ராமானுஜனே காகித விலைக்குப் பயந்து கும்பகோணத்துத் திண்ணையில் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துக்கொண்டிருந்தவர்தான். ஒரு நாளைக்கு 20 நிமிஷம் போதும். அவள் இன்னும் கொஞ்சம் போடலாமே என்று நினைக்கும்போது எழுந்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஒன்பது மா நிலம். மகனுக்கு 11 வயது, வீட்டில்தான் படிக்கிறான். பின்னம் என்றால் அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. 1/8, 1/4-ஐ விடப் பெரியது என்று சாதிக்கிறான், 8 பெரியதாம்.
(ஒரு விவசாயி, நன்னிலம்)

பதில்: தம்பி, உங்கள் வீட்டுப் பரணில் பழைய படிகள் கிடக்குமே, இறக்குங்கள். படி, அரைப்படி, கால்படி, ஆழாக்கு. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. உழக்குதான் கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி. தகரப் படி இல்லாவிட்டால், ஒரே அளவு டம்ளரை வைத்துக்கொண்டு அரிசியால் அளந்து கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பேரைக் கவனியுங்கள்: அரைக்கால். காலில் அரை. 1/8 என்று எழுதினால் பையனுக்கு 8 தெரிகிறது. அரைக்கால் என்று சொன்னால், கால் பாதியாக ஆகிவிட்டது என்று பேரே சொல்கிறது. நம் தாத்தாக்கள் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பார்த்து மனப்பாடம் செய்த பேர்கள் இவை. 1/16 மாகாணி, அதற்கே வீசம் என்றும் பேர். 1/20 மா. 1/80 காணி. இப்போது மாவையும் காணியையும் கூட்டச் சொல்லுங்கள். 1/20 என்பது நாலு காணி. அதோடு ஒரு காணி, மொத்தம் 5/80. அதாவது 1/16. மாவும் காணியும் சேர்ந்ததால்தான் அது மாகாணி! எனக்கு இது முதலில் புரிந்தபோது 50 வயது தாண்டியிருந்தது. கூட்டல் கணக்கின் விடையையே பேராக வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அறுப்பு எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் “முக்காலே மூணு வீசம் முடிஞ்சிது” என்று சொல்வோமே, அது எவ்வளவு என்று பையனிடம் கேளுங்கள். முக்கால் என்பது 12 வீசம். அதோடு மூணு. 16-இல் 15. முழுசுக்கு ஒரே ஒரு வீசம் குறைவு. பகுதியைச் சமமாக்கிக் கூட்டுவது என்று புத்தகம் ரெண்டு பக்கத்தில் சொல்வது இதைத்தான்.

வகுத்தலையும் படியிலேயே முடித்துவிடலாம். முக்கால் படி அரிசியை ஆழாக்கால் அளந்தால் எத்தனை தரம்? அளக்கட்டும். ஆறு. இப்போது சிலேட்டில் 3/4 வகுத்தல் 1/8 என்று எழுதி, விடை 6 என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். தலைகீழாக்கிப் பெருக்கும் விதியை நான் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பத்துத் தடவை அளந்த பிறகுதான் சொல்வேன். முன்னால் சொன்னால், எதைத் தலைகீழாக்குவது என்ற குழப்பம் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் கூடவே வரும்.

உங்கள் ஒன்பது மாவையும் விடவேண்டாம். நம் பக்கத்துக் குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மூணு மா ஒரு ஏக்கர் என்று வாயால் சொல்கிறோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூணு மாவைப் பெருக்கிப் பார்க்கட்டும், 43,200 வரும். ஏக்கருக்கு 360 சதுர அடி துண்டு விழுகிறது. ஒன்பது மாவுக்கு 1,080. கிட்டத்தட்ட ரெண்டரை சென்ட்! அந்த ரெண்டரை சென்ட் யாரிடம் போனது என்று கேட்டு உங்கள் மகன் உங்களைக் குடைந்தால், பின்னம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தையில் அறுப்பு முடிந்ததும் ஒரு கணக்கு. மூட்டை 60 கிலோ வீதம் ஏக்கருக்கு 30 மூட்டை கண்டால், கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் போடும்போது எத்தனை சிப்பம்? நோட்டில் போடுவதற்கு முன், கூடுமா குறையுமா என்று மட்டும் கேளுங்கள். அதற்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் 45 தானாக வரும்.

கேள்வி: நானே பத்தாவதில் கணக்கில் ஃபெயில். பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? டியூஷன் வைத்துவிடவா?
(ஒரு வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் மகளிர் குழுக் கணக்கைக் கிறுக்கியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? 15,000 ரூபாய், ரெண்டு வட்டி, அஞ்சு மாசம், 1,500 என்று. அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. நூற்றுக்கு மாசம் 2 ரூபாய், அப்படியானால் மாசம் 300, அஞ்சு மாசத்துக்கு 1,500 என்று மனசிலேயே போட்டிருக்கிறீர்கள். இது ஏழாம், எட்டாம் வகுப்புத் தனிவட்டிப் பாடம். ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம் என்று மட்டும் சேர்த்துக்கொண்டால் புத்தகத்துச் சொல்லும் வந்துவிடும்.

ஒன்று மட்டும் நிறுத்துங்கள். பிள்ளை முன்னால் “எங்க வம்சத்துக்கே கணக்கு வராது” என்று சொல்வது. சிரிப்புக்குத்தான் சொல்கிறோம், பிள்ளை அதைச் சொத்து மாதிரி எழுதி வாங்கிக்கொள்ளும். தெரியாத கணக்கு வந்தால் “எனக்கும் தெரியலை, பார்ப்போம் வா” என்று பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் தப்பாகப் போட்டு, அடித்து, மறுபடி போடுவதை அது பார்க்கட்டும். டியூஷனில் அதைக் காட்ட மாட்டார்கள். சார் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டு வந்திருப்பார். எட்டாவதுக்கு மேல் அல்ஜீப்ரா வந்து நிஜமாகவே முடியாமல் போனால் அப்போது ஆள் தேடலாம்.

கேள்வி: வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(சீர்காழி)

பதில்: வேண்டும். நான் அந்தக் காலத்து ஆள். ஆனால் பயமுறுத்துகிற அளவு அதில் ஒன்றும் இல்லை. 1, 2, 5, 10 பிள்ளைகளுக்குத் தானாக வரும். 9-க்குப் பத்து மடங்கில் ஒன்றைக் குறைக்கட்டும். 9 ஏழு என்றால் 70-இல் 7 போக 63. மீதி 3, 4, 6, 7, 8 ஆகிய அஞ்சு எண்களுக்குள்தான் சண்டை. 6 எட்டும் 8 ஆறும் ஒன்றே என்று புரிந்தால் மொத்தம் பாக்கி 15 பெருக்கல். அதிலும் முரண்டு பிடிப்பது ஆறோ ஏழோ. 7 எட்டு 56-க்கு 5, 6, 7, 8 என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டால் போதும். வாரத்துக்கு ஒரு பெருக்கலை அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள். கடிகாரத்தை வைத்து ஒரு நிமிஷத்தில் எத்தனை என்று மட்டும் போட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா?
(நாகப்பட்டினம்)

பதில்: பிள்ளைக்குப் பிடித்தால் சேருங்கள். கை வேகம் வரும். கணக்குப் பயம் போவதற்கு என்று சேர்த்தால் காசு விரயம்.

கேள்வி: நாங்கள் கடைமடை. 12 வயது மகன் மேட்டூர் நீர்மட்டத்தைப் பேப்பரில் தினமும் பார்க்கிறான். ‘டிஎம்சின்னா என்னப்பா, நமக்குத் தண்ணி எத்தனை நாளைக்கு வரும்’ என்கிறான். இதைக் கணக்காக ஆக்க முடியுமா?
(பேராவூரணி)

பதில்: இதைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி, நம் கணக்கில் 100 கோடி. தண்ணீர் திறப்பு விநாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். 10,000 கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? ஒரு நாளுக்கு 86,400 விநாடி. 86 கோடியே 40 லட்சம் கன அடி. ஒரு டிஎம்சிக்குக் கொஞ்சம் கம்மி.

இங்கே நிறுத்தி, “அணை ரொம்பியிருந்து, வரத்தே இல்லேன்னா, எத்தனை நாள் ஓடும்? குத்துமதிப்பாச் சொல்லு” என்று கேளுங்கள். 100 நாளுக்குக் கொஞ்சம் மேலே என்று சொன்னால் சபாஷ். கடைசிவரை வகுத்தால் 108 நாள். குத்துமதிப்பு என்பதை நாம் அரைகுறை என்று நினைக்கிறோம். குத்துமதிப்பு தெரிந்த பிள்ளை, விடை 10 நாள் என்றோ 1,000 நாள் என்றோ வந்தால் தானே நெற்றியைச் சுருக்கும். தன்னைத் தானே பிடித்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பயம் இருக்காது. நிஜத்தில் ஆவியாகிற தண்ணீர், குடிநீருக்கு வைக்கிற இருப்பு எல்லாம் உண்டு. கடைமடைக்கு வந்து சேர்வது வேறு கதை. மேட்டூர் திறக்கிற ஜூன் 12-ஐயே நம்பி உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டில் படித்தால் பத்தாவது எப்படி எழுதுவது?
(குத்தாலம்)

பதில்: என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். 14 வயது நிரம்ப வேண்டும், வருஷத்தில் ரெண்டு முறை தேர்வு. கணக்கை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அதற்காக இப்போதே விட்டுவிடாதீர்கள், மேல்படிப்பில் பல கதவுகள் அதோடு சாத்திவிடும்.

கேள்வி: பிள்ளையைக் கும்பகோணம் கூட்டிப்போய் ராமானுஜன் வீட்டைக் காட்டினால் கணக்கில் ஆசை வருமா?
(வலங்கைமான்)

பதில்: சாரங்கபாணி சன்னதித் தெருவில் வீடு நினைவில்லமாக இருக்கிறது. தாராளமாகப் போய்வாருங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் “பார், நம்ம ஊர்க்காரர், நீயும் இருக்கியே” என்று ஆரம்பித்தால் போன காரியம் கெட்டது. போதாக்குறைக்கு அவர் பிறந்தது ஈரோட்டில். அதைச் சொல்வதற்குப் பதில், கும்பகோணம் கல்லூரியில் கணக்கு தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் அவர் உதவித்தொகையை இழந்த கதையைச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையும் அதைக் காது கொடுத்துக் கேட்கும்.

கேள்வி: என் மகள் (10 வயது) கோலம் போடும்போது ஒன்று கண்டுபிடித்தாள். 1-3-1 என்று வைத்தால் 5 புள்ளி. 1-3-5-3-1 என்றால் 13. 1-3-5-7-5-3-1 என்றால் 25, அது 5-இன் வர்க்கம். ‘இனிமே எல்லாம் வர்க்கமாத்தான் வரும்’ என்று குதித்தாள். அடுத்த கோலத்தில் 41 வந்தது, வர்க்கம் இல்லை. அன்று முழுக்க முகம் வாடிவிட்டது. என்ன சொல்லித் தேற்றுவது?
(ஒரு அம்மா, திருவையாறு)

பதில்: தேற்ற வேண்டாம் அம்மா. வாசலுக்குக் கூட்டிப்போய் அதே 25 புள்ளியை வைக்கச் சொல்லுங்கள். மேலிருந்து நடு வரிசை வரை எண்ணட்டும்: 1, 3, 5, 7. கூட்டினால் 16, நாலின் வர்க்கம். நடுவுக்குக் கீழே 5, 3, 1. கூட்டினால் 9, மூணின் வர்க்கம். ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்கம்தான் வரும். ஆக ஒவ்வொரு கோலத்திலும் பக்கத்துப் பக்கத்து ரெண்டு வர்க்கம் ஒளிந்திருக்கிறது. 13-இல் 9-ம் 4-ம், 41-இல் 25-ம் 16-ம். அவள் கண்டுபிடித்தது பொய்யில்லை, எல்லாக் கோலத்திலும் இருக்கிறது, ரெண்டாகப் பிரிந்து இருக்கிறது. அந்த ரெண்டும் சேர்ந்து இன்னொரு வர்க்கமாக ஆவதுதான் அபூர்வம். 9-ம் 16-ம் சேர்ந்து 25 ஆனது அப்படி ஒரு அதிர்ஷ்டம்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி சிலேட்டை எடுத்து, அடுத்தது எப்போது என்று போட்டுக்கொண்டே போனேன். 61, 85, 113, ஒன்றும் இல்லை. நடு வரிசையில் 41 புள்ளி வைக்கும்போது மேலே 441, கீழே 400, மொத்தம் 841. அது 29-இன் வர்க்கம். அவளை அழவைத்த அதே 41தான்! சொல்லிவிடாதீர்கள். ‘இன்னொரு தரம் வரும், ஆனா நம்ம வாசல் பத்தாது’ என்று மட்டும் சொல்லுங்கள். அவளே கண்டுபிடித்து எனக்கு எழுதட்டும். மார்கழி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, கோலமாவு நிறைய வாங்கி வையுங்கள்.